ஒரு திருகாணி, இரண்டு கம்பிகள்: மடிக்கணினி வைஃபை அட்டையின் கதை

மடிக்கணினி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? மின்கலமும் விசிறியும் நினைவகத் தகடுகளும் நெருங்கிக் கிடக்கும் அந்தச் சிறு இடத்தில், ஓர் ஓரமாக, தீப்பெட்டியைவிடச் சிறிய அட்டை ஒன்று தென்படும். அதன் மேல் ஒரு தகர மூடி. மூடியின் மேல் எண்களும் எழுத்துகளும் நெருக்கி அச்சிட்ட ஓர் ஒட்டுத்தாள். அட்டையின் ஒரு முனை மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் உள்ள செருகுவாயில் நுழைந்திருக்கும். மறுமுனையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் வந்து சேரும். அட்டையைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு திருகாணி. இதுதான் வைஃபை அட்டை. கடைத்தெருவில் வைஃபை கார்டு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இந்தத் திருகாணியைக் கழற்றினால் அட்டை தானாகவே ஒரு முனையில் மேலெழும். அதை எடுத்துவிட்டு, வேகம் கூடிய புதிய அட்டையைச் செருகிக் கம்பிகளைப் பொருத்திவிடலாம். கைப்பழக்கம் உள்ளவர்க்குப் பத்து நிமிட வேலை. நம் கைப்பேசியிலும் இதே வைஃபை உண்டு. ஆனால் அதில் எதையும் கழற்றி மாற்ற முடியாது. மடிக்கணினியில் மட்டும் இந்தத் திருகாணி எப்படி வந்தது? நம்மீது கொண்ட அன்பினால் யாரும் அதை வைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 2017-இல் வாங்கிய மடிக்கணினிகள் ஐந்து இருக்கின்றன. ஒன்றின் திரை உடைந்துவிட்டது. மற்ற நான்கும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் வலையில் இணைந்தால் நத்தைபோல் ஊர்கின்றன. வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் தங்கள் செய்முறை அறிக்கைகளை எழுதி அனுப்புவது இவற்றில்தான். இவற்றைப் பழைய பொருள்களோடு ஏலத்தில் போட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போதுதான் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பிறகு அந்தச் சிறு அட்டையின் வரலாற்றையும் தேடிப் படித்தேன்.

சமையலறைக்கு ஒதுக்கிய அலை

கம்பியின்றிக் கணினிகளைப் பேசவைக்கும் முயற்சி வைஃபையோடு தொடங்கியதன்று. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், பல தீவுகளில் சிதறிக் கிடந்த கல்வி நிலையங்களை ஹொனலூலுவில் இருந்த பெரிய கணினியோடு வானொலி அலைகளால் இணைக்கும் அமைப்பை இயக்கத் தொடங்கினர். அலோஹாநெட் என்பது அதன் பெயர். வேகம் நொடிக்கு 9,600 பிட். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதி அழியும். மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்பதே அவர்கள் கண்ட எளிய வழி. இன்றைய அட்டை இன்னும் சற்று நாகரிகமானது. முதலில் காதுகொடுத்துக் கேட்கிறது, அமைதியாக இருந்தால் மட்டுமே வாய் திறக்கிறது.

ஆனால், அலைபரப்ப வேண்டுமென்றால் அரசின் உரிமம் வேண்டும் என்பதே உலகெங்கும் இருந்த நடைமுறை. பரப்புவது இருக்கட்டும், வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்துக் கேட்பதற்கே அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அப்படியிருக்க, கடையில் ஓர் அட்டையை வாங்கி, யாரையும் கேட்காமல் அலைபரப்பும் உரிமை நமக்கு எப்படிக் கிடைத்தது?

அதற்கு நுண்ணலை அடுப்பிடம் போக வேண்டும். 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, சில அலைப்பட்டைகளைத் தொழிற்சாலை, மருத்துவம், ஆய்வு ஆகியவற்றின் கருவிகளுக்கென ஒதுக்கியது. இவை செய்தி அனுப்பும் கருவிகள் அல்ல. அலைகளைக் கொண்டு பொருள்களைச் சூடாக்குபவை. 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை நடுவாகக் கொண்ட பட்டை அவற்றுள் ஒன்று. அடுப்புகளின் இரைச்சல் மிகுந்த அந்தப் பட்டையில் தகவல் தொடர்பு எடுபடாது என்று பொறியியலார் பலர் அதை ஒதுக்கியே வைத்திருந்தனர். ஒரு விதத்தில் அது அலைகளின் புறம்போக்கு நிலம்.

அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் இந்தப் புறம்போக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என வாதாடினார். செய்தியை ஒரே அதிர்வெண்ணில் குவிக்காமல் அகன்ற பட்டையில் பரப்பி அனுப்பினால், இரைச்சலுக்கு நடுவிலும் அதைப் பிரித்தெடுக்கலாம். பிறருக்கும் தொல்லை குறைவு. இராணுவத்தார் பகைவர் காதில் விழாமல் பேசக் கையாண்ட முறை இது. 1985 மே மாதத்தில் ஆணையம் இதனை ஏற்றது. 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, 5.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஒன்று என மூன்று பட்டைகளில், குறிப்பிட்ட திறனுக்கு உட்பட்டு, உரிமமின்றி அலைபரப்பலாம் என விதி பிறந்தது. அன்று அது பெரிய செய்தியாகவே படவில்லை. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இந்த விலக்கு 2005 ஜனவரியில் கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி, திறந்த வெளியிலும் பயன்படுத்தும் அளவுக்கு, 2018-இல்தான் திறக்கப்பட்டது.

காசாளர் மேசையிலிருந்து விசைப்பலகைக்கு அடியில்

புதிய விதியை முதலில் பற்றிக்கொண்டவர்களுள் என்.சி.ஆர். நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் கடைகளுக்கான காசு இயந்திரங்கள் செய்பவர்கள். பெரிய அங்காடிகளில் பருவத்துக்குப் பருவம் அலமாரிகளையும் மேசைகளையும் இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் தரைக்கடியில் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கம்பியே இல்லாவிட்டால்? நெதர்லாந்தில் இருந்த அவர்களது பொறியியல் கூடத்தில் பிறந்தது வேவ்லேன் என்னும் கருவி. அதே கூடத்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ், எல்லா நிறுவனத்தாரின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரத்தை வகுக்கும் குழுவுக்கு 1990-இல் தலைமை ஏற்றார். மின்மின்னணுப் பொறியாளர் கழகத்தின் அந்தக் குழுவின் எண் 802.11. ஏழு ஆண்டு வாதங்களுக்குப் பின், 1997-இல் முதல் தரம் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். கம்பி வழி வலைகள் 100 மெகாபிட்டை எட்டிவிட்ட காலம் அது; யார் சீந்துவார்கள்? 1999-இல் வந்த 802.11பி தரம் 11 மெகாபிட்டைத் தொட்ட பிறகே நிலைமை மாறியது. வைஃபை என்ற பெயரும் அந்த ஆண்டில்தான் சூட்டப்பட்டது. விளம்பரப் பெயர் படைக்கும் நிறுவனம் ஒன்று இட்ட பெயர் அது. எதன் சுருக்கமும் அன்று.

1999 ஜூலையில் நியூயார்க்கில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் என்ற மடிக்கணினியை அறிமுகப்படுத்தியது. வலைப்பக்கம் திரையில் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீவ் ஜாப்ஸ் அக்கணினியை ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினார், கம்பி ஏதும் இல்லை என்று மெய்ப்பிப்பதற்காக. மாயவித்தைக்காரர்கள் செய்வார்களே, அதைப்போல. அதற்கான அட்டையின் விலை 99 டாலர். அட்டையைச் செய்து தந்தது லூசென்ட் நிறுவனம். அதாவது வேவ்லேன் கூட்டம் பல கை மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. நம் கதைக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். இந்த அட்டை கணினியோடு வரவில்லை. தனியாக வாங்க வேண்டும். வாங்கியவர் தம் கையாலேயே விசைப்பலகையைத் தூக்கி, அதன் அடியில் உள்ள இடத்தில் செருகி, சிறு கம்பி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். மடிக்கணினியின் வயிற்றுக்குள் பயனாளரே வைஃபை அட்டை பொருத்தும் வழக்கம் இவ்வாறு பரவலாயிற்று.

அந்தச் சிறு கம்பியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதுவரை மடிக்கணினிக்கான வைஃபை அட்டைகள் பக்கவாட்டுத் துளையில் செருகும் பிசி கார்டு வகையைச் சேர்ந்தவை. வங்கி அட்டை அளவுள்ள அதன் ஒரு முனை, கணினிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஆன்டெனா அந்த நாக்கில்தான். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்; கால் அலைநீள ஆன்டெனாவுக்கு 3 சென்டிமீட்டர் போதும் என்பதால் அது இயன்றது. ஆனால் இடம் மோசமானது. கீழே மேசை, அருகில் உலோகச் சட்டம், மேலே பயனாளரின் கை. நம் உடலில் உள்ள நீர் இந்த அலைகளை நன்றாகவே விழுங்கிவிடும். ஆன்டெனாவுக்கு உகந்த இடம் திரையின் மேல்விளிம்பு. திரையை விரித்ததும் அது உயர்ந்து நிற்கிறது, சுற்றிலும் தடையில்லை. ஆக, அலையைப் படைக்கும் அட்டை கீழே, பரப்பும் ஆன்டெனா மேலே எனப் பிரிந்தன. இரண்டையும் இணைக்கத் திரையின் கீல் வழியாக இறங்கியவையே அந்தக் கறுப்பு வெள்ளைக் கம்பிகள். ஒரு மில்லிமீட்டர் பருமனுக்குள் நடுக்கம்பி, காப்பு, பின்னல் உறை எல்லாம் கொண்ட ஓரச்சு வடம் அது. இரண்டு எதற்கு? எதிரொலித்து வரும் அலைகள் ஓர் ஆன்டெனா இருக்கும் புள்ளியில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், சில சென்டிமீட்டர் தள்ளியுள்ள மற்றொன்றில் வலுத்து நிற்கக்கூடும். எது நன்றாகக் கேட்கிறதோ அதை அட்டை தேர்ந்துகொள்ளும். குறுக்கீட்டு விளைவைப் பாடத்தில் படித்த மாணவர்க்கு இது புதிதன்று.

தகர மூடியும் ஒட்டுத்தாளும்

ஆன்டெனா கணினியிடம், அலைபரப்பி அட்டையிடம் என்று பிரிந்ததும் சட்டத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. அலைபரப்பும் கருவி ஒவ்வொன்றையும் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்பது அமெரிக்க விதி. அட்டை ஒன்று, அதைப் பொருத்தப்போகும் மடிக்கணினி வகைகளோ நூற்றுக்கணக்கானவை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே சான்று பெறுவதென்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆணையம் ஒரு வழி சொன்னது. அட்டை தனக்கென்று உலோகக் கவசம் கொண்டிருக்க வேண்டும். தன் மின்னழுத்தத்தைத் தானே சீராக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கணினியிலும் செருகாமல் தனித்து வைத்துச் சோதித்தாலும் விதிக்குள் அடங்க வேண்டும். தன் சான்றெண்ணைத் தன்மீதே தாங்க வேண்டும். சோதித்த வகை ஆன்டெனாவோடு மட்டுமே பயன்பட வேண்டும். இவை நிறைவேறினால் அட்டைக்கே தனியாகச் சான்று அளிக்கப்படும்.

தகர மூடி எதற்கு, ஒட்டுத்தாள் எதற்கு என்று இப்போது விளங்குகிறதல்லவா? சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் அந்தச் சிறு அட்டையில் உருவம் பெற்று அமர்ந்திருக்கிறது. கம்பி முனையில் உள்ள குண்டூசித் தலை போன்ற இணைப்பிகூட அப்படித்தான். வெளிக்கடைகளில் கிடைக்கும் பெரிய ஆன்டெனாவை எவரும் எளிதில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமான இணைப்பிகளை விதி அனுமதிக்கவில்லை. உயரமில்லாத அந்த நுண் இணைப்பி இடத்தையும் மிச்சப்படுத்தியது, விதிக்கும் பொருந்தியது. ஆனால் அதைக் கழற்றி மாட்டுவதற்கு ஆயுள் குறைவு. இவ்வகையில் பெயர்பெற்ற ஒன்றுக்கு உற்பத்தியாளர் உறுதியளிப்பது 30 தடவை மட்டுமே. செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் இதை நினைவில் கொள்க. நகத்தால் நேர்மேலாகத் தூக்க வேண்டும்; பக்கவாட்டில் நெம்பினால் போயிற்று.

இந்தத் தனிச்சான்று முறையால் மடிக்கணினி செய்வோர் அட்டையை வெளியிலிருந்து வாங்கி, மினி பிசிஐ என்ற பொதுச் செருகுவாயில் பொருத்திவிட்டால் போதும் என்றாயிற்று. ஒரு நாட்டுக்கு ஓர் அட்டை, விலை உயர்ந்த வகைக்கு வேறோர் அட்டை என்று மாற்றியும் கொள்ளலாம். திருகாணி வைத்ததன் காரணம் இதுவே, தொழிற்சாலையின் வசதி. நமக்குக் கிடைத்தது அதன் உபரி.

1802

2003 மார்ச் 12-ஆம் நாள் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. அது ஒரு சில்லின் பெயரன்று. இன்டெல்லின் செயலி, இன்டெல்லின் துணைச்சில்லுகள், இன்டெல்லின் வைஃபை அட்டை ஆகிய அனைத்தும் ஒரே கணினியில் இருந்தால் மட்டுமே அந்த முத்திரையை ஒட்டலாம். அட்டையை மட்டும் வேறொருவரிடம் வாங்கினால் முத்திரை இல்லை. முத்திரையோடு வரும் விளம்பர உதவியும் இல்லை. வைஃபை இல்லாத மடிக்கணினியை மக்கள் வாங்கத் தயங்கும் நிலை சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டதற்கு இந்த விளம்பரம் பெருங்காரணம்.

ஆனால் சென்ட்ரினோவின் முதல் அட்டை 802.11பி வகை, 11 மெகாபிட். மூன்றே மாதத்தில், அவ்வாண்டு ஜூனில், 54 மெகாபிட் வேகமுள்ள 802.11ஜி தரம் நிறைவேறியது. புத்தம்புதிய கணினி வாங்கியவர், பெட்டியைப் பிரித்த சூட்டிலேயே பழைய தலைமுறைக்காரர் ஆகிவிட்டார். அட்டையை மட்டும் மாற்றிக்கொள்வோம் என்று பலர் திருப்புளியை எடுத்தது அப்போதுதான்.

எடுத்தவர்களுள் ஐ.பி.எம். திங்க்பேட் வைத்திருந்தோர்க்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. புதிய அட்டையைச் செருகிக் கணினியை இயக்கினால், இயங்குதளம் தொடங்கும் முன்பே திரையில் 1802 என்ற எண்ணும், ஒப்புதல் பெறாத வலை அட்டை செருகப்பட்டுள்ளது, மின்னிணைப்பை நிறுத்தி அதனை அகற்றுக என்ற பொருள்படும் ஆணையும் தோன்றும். அவ்வளவுதான், கணினி அதற்கு மேல் நகராது. வைஃபை வேலை செய்யாவிட்டால்கூடப் பரவாயில்லை. கணினியே வேலை செய்யாது! வேறு சில நிறுவனங்களின் மடிக்கணினிகளிலும் இத்தகைய தடை இருந்தது.

நடந்தது இதுதான். ஒவ்வோர் அட்டையும் தன்னைச் செய்தவர் எண், தன் வகை எண் ஆகியவற்றைத் தனக்குள் பொறித்து வைத்திருக்கும். கணினியை உயிர்ப்பிக்கும் அடிப்படை நிரல், அதாவது பயாஸ், அந்த எண்களைப் படித்துத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லையென்றால் கதவடைப்பு. விதிப்படி சான்று பெற்ற இணைகளை மட்டுமே அனுமதிக்கிறோம் என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அந்த வாதம் முற்றிலும் பொய்யன்று. அலைபரப்பியின் திறனும் ஆன்டெனாவின் பெருக்கமும் சேர்ந்தே வெளியேறும் அலையின் வலிமையைத் தீர்மானிக்கின்றன. எனவே எந்த அட்டைக்கு எந்த ஆன்டெனா என்பதில் பொருள் உண்டு. ஆயினும், அதே சில்லைக் கொண்ட அட்டை, கணினி நிறுவனத்தின் பெயரில் விற்கப்படும்போது ஏற்கப்பட்டு, வெளிக்கடையில் வாங்கியபோது மறுக்கப்பட்டது. இயற்பியலில் இதற்கு விடை தேடிப் பயனில்லை என்பது என் கருத்து.

பயனாளர்கள் சும்மா இருக்கவில்லை. தாய்ப்பலகையில் மின்கலத்தின் துணையால் நினைவு காக்கும் சிறு நினைவகம் ஒன்று உண்டு. அதில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரே ஒரு பிட்டை 0-விலிருந்து 1 ஆக மாற்றினால் இந்தச் சோதனை நடைபெறுவதில்லை என்று அக்காலத் திங்க்பேட் சிலவற்றில் கண்டுபிடித்தார்கள். அதைச் செய்யும் நிரல் சில பைட்டுகளே நீளமுள்ளது. அந்த வழி பிந்திய வகைகளில் அடைபட்டதும், அட்டையில் பொறித்த எண்ணையே மாற்றி எழுதினர் சிலர். பயாஸைத் திருத்தினர் சிலர். பிசகினால் தாய்ப்பலகையே உயிரற்ற பலகையாகிவிடும் ஆபத்தான வேலை அது.

எதிரொலியும் மூன்றாம் கம்பியும்

11-இலிருந்து 54-க்கு வேகம் ஏறியது எப்படி? இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். நொடிக்கு 54 மெகாபிட் என்றால், ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோ நொடியில் 54-இல் ஒரு பங்கு நேரம். அந்நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவு ஐந்தரை மீட்டர்தான். நம் வகுப்பறைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி இதைவிட நெடும் பாதையில் வரும். ஆக, முதல் பிட்டின் எதிரொலி வந்து சேரும்போது, இரண்டாம் மூன்றாம் பிட்டுகள் நேர்வழியில் வந்துகொண்டிருக்கும். எல்லாம் குழம்பிவிடும்.

ஒற்றை வேக ஓட்டத்துக்குப் பதிலாகப் பல மெதுவான ஓட்டங்கள் என்பதே இதற்குத் தீர்வு. 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 52 துணை அலைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 4 மைக்ரோ நொடிக்கு ஒரு குறியீடு அனுப்புகிறார்கள். அதில் 0.8 மைக்ரோ நொடி எதிரொலிகள் ஓய்வதற்கான இடைவெளி. அதற்குள் ஒளி 240 மீட்டர் கடந்துவிடும். வீட்டு எதிரொலிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

அறைக்குள் எதிரொலியை வெல்லும் இத்தகைய முறை ஒன்றுக்கு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1992-இல் காப்புரிமை கோரியது. அக்குழுவின் ஜான் ஓ'சல்லிவன் வானொலி வானியலாளர். ஹாக்கிங் கணித்தபடி சிறு கருந்துளைகள் வெடித்தால் எழக்கூடிய வானொலித் துடிப்புகளை 1970-களில் தேடியவர். துடிப்பு கிடைக்கவில்லை; சிதறிய அலைகளைக் கணிதத்தால் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி கிடைத்தது. பின்னாளில் இக்காப்புரிமைக்காகக் கணினி நிறுவனங்களோடு நீண்ட வழக்குகள் நடந்து, 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தது. வைஃபையைக் கண்டுபிடித்தவர்களே அவர்கள்தாம் என்று சிலர் எழுதுவது மிகை. பலர் சேர்ந்து கட்டிய வீட்டில் முக்கியமான ஒரு தூண் அவர்களுடையது எனலாம்.

மற்றொரு தூண் நமக்கு நெருக்கமானது. எதிரொலியை அடக்குவதற்குப் பதிலாக அதையே பயன்படுத்திக்கொண்டால் என்ன? பல ஆன்டெனாக்களிலிருந்து ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், வெவ்வேறு செய்திகளை அனுப்பினால், அவை வெவ்வேறு பாதைகளில் எதிரொலித்துப் பெறுமிடத்துக்கு வெவ்வேறு கலவைகளாக வந்து சேரும். அங்கும் பல ஆன்டெனாக்கள் இருந்தால், கலவைகளைச் சமன்பாடுகளாக எழுதித் தனித்தனியே பிரித்துவிடலாம். இரண்டு மாறிகளுக்கு இரண்டு சமன்பாடு என்று பள்ளியில் போட்ட கணக்கேதான். இந்தக் கருத்துக்கு 1992-இல் விண்ணப்பித்து 1994-இல் காப்புரிமை பெற்றவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் ஆவர். பால்ராஜ் 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஏற்காட்டில் பள்ளிப் படிப்பு. இந்தியக் கடற்படையில் பணியாற்றி, நீருக்கடியில் ஒலியலைகளால் துழாவும் சோனார் கருவியை உருவாக்கியவர். கடலடி எதிரொலிகளோடு போராடியவர்க்கு அறைக்குள் எதிரொலிகள் பகையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இக்கருத்து 2009-இல் நிறைவேறிய 802.11என் தரத்தில் இடம்பெற்றது. அதன் வரைவு நிலையிலேயே, 2007-இல் வந்த இன்டெல் அட்டையில் மூன்று இணைப்பிகள் இருந்தன. பழைய கணினிகளில் கம்பி இரண்டுதானே? அட்டையை மாற்றியவர்கள் மூன்றாம் முனையை வெறுமனே விடுவதா, திரையைப் பிரித்துப் புதிய ஆன்டெனா ஒட்டுவதா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

சுருங்கும் அட்டை

இதற்கிடையே அட்டையின் உருவம் குறுகிக்கொண்டே வந்தது. மினி பிசிஐ அட்டையின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர சென்டிமீட்டர். அடுத்து வந்த மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அதில் பாதி. பிறகு அதிலும் பாதி. இன்று வழக்கிலுள்ள எம்.2 அட்டை 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். வேகமோ 2 மெகாபிட்டிலிருந்து, இரண்டு ஆன்டெனா கொண்ட இன்றைய அட்டைகளில் ஏட்டளவில் 2,400 மெகாபிட்டுக்கு மேல்.

2017 இறுதியில் இன்னொரு மாற்றம் தலைகாட்டியது. வைஃபை வேலையின் கணக்கிடும் பகுதியைச் செயலியோடு அல்லது அதன் துணைச்சில்லோடு சேர்த்துவிட்டு, அலைபரப்பும் பகுதியை மட்டும் அட்டையில் வைக்கும் முறையை இன்டெல் கொண்டுவந்தது. சிஎன்விஐ என்பது அதன் பெயர். செலவு குறைகிறது. ஆனால் அட்டையின் அளவும் செருகும் முனையும் பழையபடியேதான். ஆக, முழு அட்டையும் அரை அட்டையும் கண்ணுக்கு ஒன்றே. அரை அட்டையைப் பழைய கணினியிலோ ஏ.எம்.டி. செயலி உள்ள கணினியிலோ செருகினால் பொருந்தும், ஆனால் பேசாது. இன்னும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்தச் சங்கடமும் இல்லை. வைஃபை சில்லைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே கழற்றத் திருகாணியே கிடையாது.

இனி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். அடித்தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது, கம்பி ஒன்றே ஒன்று! செலவைக் குறைக்க ஒற்றை ஆன்டெனாவோடு செய்து விற்றிருக்கிறார்கள். அட்டையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தது. ஏட்டளவில் 72 மெகாபிட். விடுதியின் அலைகள், அலுவலகத்தின் அலைகள், மாணவர் கைப்பேசிகள் எல்லாம் அதே பட்டையில் முட்டிமோதும் எங்கள் கட்டடத்தில் அதன் குரல் எடுபடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் பேசும் வலை கூரையிலேயே இருக்கிறது. இந்தக் கணினிகளுக்கு அது கேட்கவில்லை.

நான் முதலில் வாங்கிய அட்டை வேலை செய்யவில்லை. அது அரை அட்டை. மேலே அவ்வளவு விளக்கமாக எழுதிய நானேதான் வாங்கினேன். வகை எண்ணின் கடைசி இலக்கத்தைக் கவனிக்கத் தவறியதன் விலை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இரண்டாவது அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தியபோது, 1802 போல ஏதேனும் வருமோ என்று மாணவர்களைவிட எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வலை பட்டியலில் தோன்றியது.

திரை உடைந்து மூலையில் கிடந்த ஐந்தாவது கணினியின் நினைவு வந்தது முதுகலை மாணவி ஒருவருக்கு. அதன் ஒற்றை ஆன்டெனாவைக் கம்பியோடு உருவி எடுத்து, இந்தக் கணினியின் திரைச்சட்டத்தில் மறுபக்கம் ஒட்டி, கீல் வழியே இறக்கி, இரண்டாம் முனையில் மாட்டினார். அதே வகை ஆன்டெனா, அதே நீளக் கம்பி. இணைப்பு வேகம் 866 மெகாபிட் என்று காட்டியது. மற்ற மூன்று கணினிகளுக்கும் அட்டை வாங்க விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். உடைந்த திரை இனி இல்லாததால் அவை ஒற்றைக் கம்பியிலேயே ஓட வேண்டும். கழற்றிய பழைய அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் தகர மூடியைத் திறந்து பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பு முடிந்ததும் வருவதாக இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.